கருவாடும் மம்மியும்: பாலைவன மணலில் உடல் ஏன் அழுகுவதில்லை?

கருவாடு ஏன் கெடுவதில்லை என்று தெரிந்தவருக்கு மம்மி பாதி புரிந்துவிட்டது. மிச்சப் பாதிக்கு ஒரு மணல்மேட்டைப் பார்க்க வேண்டும். சீனாவின் வடமேற்கில், சின்ஜியாங் பகுதியில், தக்லமக்கான் பாலைவனத்தின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது அது. பெயர் சியாவ்ஹே. சீனத்தில் ‘சியாவ்’ என்றால் சின்ன, ‘ஹே’ என்றால் ஆறு. நம் ஊர்க் கணக்கில் சின்னாறு. இன்று அங்கே ஆறும் இல்லை, ஊரும் இல்லை. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டவர்கள் மட்டும் கண்ணிமை முடி உட்பட அப்படியே இருந்தார்கள்.

இவர்களை யாரும் பதப்படுத்தவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். மம்மி என்றதும் நமக்குத் துணி சுற்றிய எகிப்திய அரசர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அது ஒரு வகை. மனிதர்கள் கைவேலையாகச் செய்தது. இன்னொரு வகை தானாக உண்டாவது. காற்று, மணல், உப்பு, குளிர் எல்லாம் சேர்ந்து வேலையை முடித்துவிடும். புதைத்தவர்களுக்கு அப்படி ஓர் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. இதை இயற்கை மம்மி என்கிறார்கள். சியாவ்ஹே மக்கள் அந்த வகை.

சரி, முதலில் உடல் ஏன் அழுகுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

உயிர் போனதும் இரண்டு வேலைகள் தொடங்குகின்றன. ஒன்று, நம் செல்களுக்குள்ளேயே இருக்கும் நொதிகள் அந்தச் செல்களைக் கரைக்க ஆரம்பிக்கின்றன. உயிரோடு இருந்தவரை கட்டுப்பாட்டில் இருந்த நொதிகள்தான் இவை. கட்டுப்படுத்த ஆள் இல்லாமல் போனதும் இருந்த வீட்டையே தின்கின்றன. இரண்டு, குடலில் கோடிக்கணக்கில் குடியிருக்கும் பாக்டீரியா. அவை குடலைத் தாண்டி உடல் முழுக்கப் பரவுகின்றன. வயிறு உப்புவதும் நாற்றம் எடுப்பதும் இவற்றால்தான். வெளியிலிருந்து ஈயும் புழுவும் வந்து சேர்ந்துகொள்ளும்.

இந்த இரண்டு வேலைக்கும் கட்டாயம் வேண்டியது தண்ணீர். பெரியவர் ஒருவரின் எடையில் கிட்டத்தட்ட 60 சதவீதம் தண்ணீர்தான் என்பதால், அழுகலுக்குத் தேவையான எல்லாம் உடலுக்குள்ளேயே தயாராக இருக்கிறது. அந்தத் தண்ணீர் சீக்கிரம் வெளியேறிவிட்டால் நொதியும் ஓயும், பாக்டீரியாவும் ஓயும். ஆக, இறந்த உடலில் நடப்பது ஒரு ஓட்டப்பந்தயம். ஒரு பக்கம் அழுகல், இன்னொரு பக்கம் காய்தல். பெரும்பாலான ஊர்களில் அழுகல்தான் ஜெயிக்கும். எப்போதாவது, எங்கேயாவது, காய்தல் முந்திக்கொள்ளும்.

கருவாடு போடுகிறவர்களுக்கு இந்தப் பந்தயம் நன்றாகவே தெரியும். நெத்திலியை மணலில் பரப்பினால் நல்ல வெயிலில் சீக்கிரமே காய்ந்துவிடும்; மீன் சின்னது, தண்ணீர் வெளியேற வேண்டிய தூரமும் சின்னது. வஞ்சிரத்தை முழுசாகப் போட்டால் மேலே காய்ந்தாலும் உள்ளே நாறிவிடும். அதனால்தான் வயிற்றைக் கீறி, குடலை எடுத்து, பிளந்து, உப்பு அடைக்கிறார்கள். ஐப்பசி அடைமழையில் என்ன செய்தாலும் பூஞ்சை பிடித்துவிடும்.

எகிப்தியர் செய்ததும் ஏறக்குறைய இதே பக்குவம்தான். பெரிய உடல், அதனால் வயிற்றைக் கீறிக் குடலை வெளியே எடுத்தார்கள். நேட்ரான் என்ற ஒருவகை உப்பில் 40 நாள் அளவுக்கு மூடி வைத்தார்கள். அப்புறம் எண்ணெய், பிசின், துணி. மொத்தச் சடங்குக்கும் 70 நாள். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. அறிவியல் ஒன்றுதான், சடங்குதான் வேறு.

எகிப்திலேயே இதற்கு முந்தைய கதை ஒன்று உண்டு. அரசர்கள் காலத்துக்கும் முன்னால் அங்கே இறந்தவர்களைச் சூடான மணலில் குழி தோண்டிச் சும்மா கிடத்தினார்கள். கெபலைன் என்ற இடத்தில் கிடைத்த அப்படிப்பட்ட உடல்கள், 5,000 ஆண்டுகளைத் தாண்டியும் தோலும் முடியுமாக, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பின்னாளில் வசதி வந்தது. செங்கல் வைத்துக் கல்லறை கட்டினார்கள், பெட்டி செய்தார்கள். மணல் உடலைத் தொடவில்லை; ஈரம் போக வழியில்லை; உடல் அழுகிற்று. மரியாதை செய்யப்போய் உடலைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். அதை ஈடுகட்டத்தான் உப்பையும் பிசினையும் தேடினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

இந்தப் பெட்டி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சியாவ்ஹேயில் திரும்ப வரும்.

காய்வது ஒன்றுதான் வழி என்றும் நினைக்க வேண்டாம். ஆல்ப்ஸ் மலையில் 1991-இல் கிடைத்த ‘ஓட்சி’ என்ற மனிதர் 5,300 ஆண்டுகளாகப் பனிக்கட்டியில் கிடந்தவர். குளிர் அவரைக் காத்தது. டென்மார்க்கின் சதுப்பு நிலங்களில் கிடைக்கும் உடல்கள் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தும் அழுகவில்லை. அந்தத் தண்ணீர் புளித்த அமிலம், அதில் பிராணவாயு கிடையாது. தோல் ஷாப்பில் பதனிட்ட மாதிரி தோல் கறுத்து உறுதியாகிவிடும். எலும்பில் இருக்கும் சுண்ணாம்பு மட்டும் கரைந்துபோகும். இவை வேறு கதைகள். நாம் மணலுக்கு வருவோம்.

தக்லமக்கான் ஏன் இவ்வளவு வறட்சி

வரைபடத்தில் தக்லமக்கானைப் பார்த்தால் ஒரு வாணலி மாதிரி இருக்கும். வடக்கே தியான்ஷான் மலை, தெற்கே குன்லுன் மலை, மேற்கே பாமீர். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளைத் தாண்டுவதற்குள் காய்ந்துவிடுகிறது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சியாவ்ஹே இருக்கும் லோப் நூர் பக்கத்தில் ஆண்டு மழை சில பத்து மில்லிமீட்டரைத் தாண்டாது. நம் ஊரில் ஒரு மாலை நேர மழைக்கு அது சமம்.

மலைப்பனி உருகி வரும் ஆறுகள்தான் அங்கே தண்ணீர். தாரிம் ஆறு முக்கியமானது. அது கடலுக்குப் போவதில்லை. பாலைவனத்தின் கிழக்கு ஓரத்தில் லோப் நூர் என்ற ஏரியில் வந்து முடிந்தது. போகிற வழி இல்லாத தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படி நடந்தால் மண்ணே உப்பாகிவிடும். ஏரியும் 1970-களில் முழுசாக வற்றிவிட்டது. இன்று அது உப்புப் பாளம்.

மழையின்மை, உப்பு இரண்டோடு மூன்றாவதாகக் குளிரும் உண்டு. பாலைவனம் என்றாலே எப்போதும் சூடு என்று நினைக்கிறோம். தக்லமக்கானில் குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே போகும். அந்த மாதங்களில் புதைத்த உடலில் பாக்டீரியா வேலையைத் தொடங்கவே முடியாது. உறைந்த நிலையிலேயே ஈரம் மெல்ல வெளியேறிவிடும். வசந்தம் வந்து சூடு ஏறும்போது அழுகுவதற்குப் போதுமான தண்ணீர் உள்ளே மிச்சம் இருக்காது. மிக நன்றாகத் தப்பிய உடல்கள் குளிர்காலத்தில் இறந்தவர்களுடையவை என்று ஒரு கருத்து இதனால்தான் உண்டு. ஒரே இடுகாட்டில் ஒருவர் முகம் அப்படியே இருக்க, பக்கத்தில் இருப்பவர் வெறும் எலும்பாக இருப்பதற்கு இது நல்ல விளக்கமாகப் படுகிறது.

வாத்து கண்டுபிடித்த மேடு

லோப் நூர் பக்கத்தில் ஓர்தெக் என்று ஒரு வேட்டைக்காரர் இருந்தார். உய்குர் மொழியில் ‘ஓர்தெக்’ என்றால் வாத்து. ஸ்வீடன் நாட்டுப் பயணி ஸ்வென் ஹெடினுக்கு வழிகாட்டியாக வேலை பார்த்தவர். 1900-இல் ஒரு முகாமில் மண்வெட்டியை மறந்து வைத்துவிட்டு வந்தார்கள். அதை எடுக்க ஓர்தெக் தனியாகத் திரும்பிப் போனார். புழுதிக்காற்றில் வழி தவறி, செதுக்கு வேலை செய்த மரத்துண்டுகள் கிடந்த ஓர் இடத்தில் போய் நின்றார். அப்படித்தான் லௌலான் என்ற பழைய நகரம் வெளியே தெரிந்தது. மறந்துபோன மண்வெட்டிக்கு அகழாய்வு வரலாற்றில் ஒரு தனி இடம் கொடுக்கலாம்.

அதே ஓர்தெக்தான் சில ஆண்டுகள் கழித்து, ஆயிரம் சவப்பெட்டிகள் கிடக்கும் ஒரு மேட்டையும் பார்த்தார். அங்கே பேய் நடமாடுகிறது என்று பயந்து மறுபடி போகவில்லை. 1934-இல் ஹெடினின் குழுவில் இருந்த ஃபோல்க்கே பெரிமான் என்ற ஸ்வீடன் தொல்லியலாளர் அவரை வழிகாட்டச் சொல்லி அழைத்துப் போனார். மணல்மேடுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் பூமியில், வயதான ஓர்தெக்குக்கும் இடம் சட்டென்று பிடிபடவில்லை. ஒருவழியாகக் கண்டுபிடித்தார்கள். பெரிமான் 12 கல்லறைகளைத் தோண்டிப் பார்த்தார், குறிப்பு எழுதினார், படம் எடுத்தார், பக்கத்தில் ஓடிய பெயரில்லாத சிற்றாற்றுக்கு ‘சின்ன ஆறு’ என்று பெயர் வைத்தார். அத்தோடு சரி. அந்த இடத்தை மறுபடி யாரும் பார்க்கவில்லை.

66 ஆண்டுகள் கழித்து, 2000-இல், வாங் பிங்ஹுவா என்ற சீனத் தொல்லியலாளர் ஜிபிஎஸ் கருவியின் துணையோடு அங்கே போய்ச் சேர்ந்தார். 2002 முதல் 2005 வரை இத்ரிஸ் அப்துரேசுல் தலைமையில் முழு அகழாய்வு நடந்தது. 167 கல்லறைகள் தோண்டப்பட்டன. அதே அளவுக்குக் கல்லறைகளைத் திருடர்கள் முன்பே கிளறிவிட்டிருந்தார்கள்.

மேடு தரையிலிருந்து சுமார் 7 மீட்டர் உயரம். இயற்கையான மணல்மேடு மட்டும் அல்ல. புதைத்தார்கள், காற்று மணலைக் கொண்டுவந்து மூடியது, அதன்மேல் மறுபடி புதைத்தார்கள். இப்படி ஐந்து அடுக்கு. கி.மு. 2000 வாக்கில் தொடங்கி ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இது நடந்திருக்கிறது. மேட்டின்மேல் மரக்கம்பங்கள் காடு மாதிரி நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் இலையுதிர்ந்த தோப்பு என்றே தோன்றும்.

அடி இல்லாத பெட்டி

இப்போது ஒரு கல்லறையைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

பாப்ளர் மரத்தின் இரண்டு நீளப் பலகைகள், வில் போல லேசாக வளைந்தவை. இரண்டின் முனைகளையும் சேர்த்து வைத்தால் படகு வடிவம் வரும். மேலே குறுக்குவாட்டில் சின்னச் சின்னப் பலகைகளை அடுக்கி மூடி. கீழே? கீழே ஒன்றும் இல்லை. பெட்டிக்கு அடியே கிடையாது. உடல் நேராக மணலில் கிடக்கும். கவிழ்த்த படகால் ஒருவரை மூடி வைத்தது போல.

அதற்கு மேல் மாட்டுத்தோல். காய்ந்த தோல் இல்லை, அப்போதுதான் மாட்டை அடித்து உரித்த ஈரத்தோல். அதைப் பெட்டிமேல் இழுத்துப் போர்த்தினார்கள். அந்தக் காற்றில் தோல் காயக் காயச் சுருங்கி, பலகைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பறைக்கோ மிருதங்கத்துக்கோ தோல் பூட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஈரமாக இருக்கும்போது இழுத்துக் கட்டினால், காய்ந்தபின் தட்டினால் கணீர் என்று கேட்கும். சியாவ்ஹேயில் அந்த இறுக்கம் மேலே இருந்து ஒரு மணல்துகளும் உள்ளே இறங்காதபடி காத்தது.

மேலே இறுக்கமான மூடி, கீழே திறந்த மணல். எகிப்தியர் பெட்டி செய்து கோட்டைவிட்ட இடத்தில் இவர்கள் தப்பித்தது இப்படித்தான். உடலிலிருந்து கசியும் ஈரம் அடியில் மணலுக்குள் இறங்கிவிடும். பெட்டிக்குள் தேங்காது. இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. படகைக் கவிழ்த்து மூடுவது அவர்கள் வழக்கம், மணல் தன் வேலையைப் பார்த்தது, அவ்வளவுதான். அவர்கள் நினைத்தது என்ன என்று சொல்ல ஒரு வரி எழுத்துகூட அந்த மேட்டில் இல்லை.

சுற்றிலும் மணல் இருக்கும் இடத்தில் படகு எதற்கு என்று கேட்கலாம். அன்று அங்கே ஆறு இருந்தது, நாணல் இருந்தது, பலகை அறுக்கும் அளவுக்குப் பாப்ளர் மரங்கள் இருந்தன. பெட்டிகளே அதற்குச் சாட்சி.

ஒவ்வொரு பெட்டியின் தலைமாட்டிலும் ஒரு கம்பம். ஆண்களின் பெட்டிக்கு முன் துடுப்பு மாதிரி அகன்ற கம்பம், பெண்களின் பெட்டிக்கு முன் பட்டை பட்டையாகச் செதுக்கி உச்சியில் சிவப்புப் பூசிய கம்பம். படகும் துடுப்பும் என்றுதான் முதலில் பார்ப்பவருக்குத் தோன்றும். துடுப்பு பெண்குறியையும், செங்கம்பம் ஆண்குறியையும் குறிக்கிறது என்பது பின்னாளில் ஆய்வாளர்கள் வைத்த விளக்கம். ஆணுக்கு முன் பெண்மையின் அடையாளம், பெண்ணுக்கு முன் ஆண்மையின் அடையாளம். பிள்ளைப்பேறு அரிதாக, குழந்தைச் சாவு அதிகமாக இருந்த ஒரு சமூகத்தின் வேண்டுதல் அது என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நான் முழுசாக நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை.

உள்ளே கிடந்தவர்கள் உடுத்தியிருந்தது கம்பளிப் போர்வை, இடுப்பில் நூல் குஞ்சம் தொங்கும் கச்சை, காலில் தோல் பூட்ஸ், தலையில் கம்பளியை அழுத்திச் செய்த தொப்பி. தொப்பியில் பறவை இறகு செருகியிருக்கும். பக்கத்தில் புல்லால் பின்னிய சிறு கூடை. அதில் தானியம். கோதுமை, அப்புறம் பனிவரகு. ஆமாம், நம் சிறுதானியக் கடைகளில் விற்கும் அதே பனிவரகு. எஃபெட்ரா என்ற செடியின் குச்சிகளும் உடலோடு வைக்கப்பட்டிருந்தன. மூச்சிரைப்புக்கும் மூக்கடைப்புக்கும் கொடுக்கும் எஃபெட்ரின் என்ற மருந்துப்பொருள் உள்ள செடி அது.

இந்தப் பட்டியலில் ஒன்று குறைகிறது, கவனித்தீர்களா? பானை. சியாவ்ஹே கல்லறைகளில் மண்பானை கிடையாது. உலகம் முழுக்கத் தொல்லியலாளர்கள் ஒரு பண்பாட்டை அடையாளம் காண்பதே பானை ஓட்டை வைத்துத்தான், ஏனென்றால் அதுதான் மண்ணில் மக்காமல் கிடக்கும். கம்பளி, தோல், புல், மரம், இறகு எல்லாம் மக்கிப்போகும். இதே மக்கள் ஒரு மழைநாட்டில் வாழ்ந்து இறந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது சில எலும்பு, சில மணி, சின்னச் சின்ன வெண்கலத் துண்டு. ‘வறிய மக்கள், குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த குழிக்குப் போயிருப்பார்கள்.

கழுத்தில் இருந்த மஞ்சள் கட்டி

சில உடல்களின் கழுத்தைச் சுற்றிலும் வெளிர்மஞ்சளாகச் சின்னச் சின்னக் கட்டிகள் சிதறிக் கிடந்தன. பாசிமணி இல்லை. 2014-இல் வெளியான வேதியியல் ஆய்வு அவை பாலாடைக்கட்டி என்று சொன்னது. இன்று தெரிந்தவரை உலகின் மிகப் பழைய பாலாடைக்கட்டிகளில் அவை சேரும். 2024-இல் இன்னொரு குழு அவற்றிலிருந்து டிஎன்ஏவையே எடுத்துப் படித்தது. மூன்று கல்லறைகளில் கிடைத்த கட்டிகள், 3,300 முதல் 3,600 ஆண்டு பழையவை. மாட்டுப்பால், ஆட்டுப்பால் இரண்டின் டிஎன்ஏவும் இருந்தது. பாலை உறையவைத்த பாக்டீரியாவும் ஈஸ்ட்டும்கூட அடையாளம் தெரிந்தன.

பாலைத் திரிப்பதற்குப் பல வழி உண்டு. ஐரோப்பியச் சீஸ் பலவற்றுக்குக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி வேண்டும். அதற்குக் கன்றைக் கொல்ல வேண்டும். சியாவ்ஹே மக்கள் செய்தது கெஃபிர். நாம் தயிருக்கு உறை குத்துவது போல, முந்தின தடவை செய்ததில் மிஞ்சிய உறைக்கட்டியை அடுத்த பாலில் போட்டுப் புளிக்கவைப்பது. உறைக்கட்டி கைமாறிக் கைமாறித்தான் ஊர் ஊராகப் போகும். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் கேட்டு வாங்கியவர்களுக்கு இது புரியும். அந்த 3,500 ஆண்டு பழைய பாக்டீரியாவின் உறவுக்காரர்கள் இன்று திபெத் பக்கத்துக் கெஃபிரில் இருக்கிறார்கள் என்று அந்த ஆய்வு காட்டியது.

வேடிக்கை என்னவென்றால், பரிசோதித்த ஆதிகால தாரிம் மக்களின் மரபணுப்படி, பெரியவர்களான பின் அவர்களுக்குப் பால் செரிக்காது. பச்சைப்பால் குடித்தால் வயிறு பொருமும். புளிக்கவைத்தால் பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரையைப் பாக்டீரியா தின்றுவிடும். அப்புறம் தொந்தரவு இல்லை. மரபணு மாறும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. உறை குத்திவிட்டார்கள்.

முகத்தைப் பார்த்து ஏமாந்த கதை

தாரிம் பகுதியின் மம்மிகள் உலகப் புகழ் பெற்றதற்குப் பாலாடைக்கட்டி காரணம் இல்லை. முகம்தான் காரணம். 1980-இல் லௌலானுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. சுமார் 3,800 ஆண்டு பழையது. ‘லௌலான் அழகி’ என்று பெயர் வைத்தார்கள். எடுப்பான மூக்கு, செம்பழுப்பு முடி. சியாவ்ஹேயில் 2003-இல் கிடைத்த ஒரு பெண்ணை ‘சியாவ்ஹே இளவரசி’ என்றார்கள். அவர் இளவரசி என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. நன்றாகத் தப்பிய பெண் உடல் என்றால் உடனே அழகி, இளவரசி என்று பட்டம் கட்டிவிடுவது இந்தத் துறையில் ஒரு வழக்கமாகப் போய்விட்டது. லௌலான் அழகியின் தலைமுடியில் பேன் இருந்தது, நுரையீரலில் அடுப்புப் புகையின் கரி படிந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் மனுஷியாகத் தெரிகிறார். நாற்பதைத் தாண்டிய வயதில் இறந்தவர், வாழ்நாள் முழுக்கப் புகையில் சமைத்தவர்.

சீனத்தின் உட்பகுதியில் மேற்கத்திய முகமா என்று கேள்வி எழுந்தது. யூகங்கள் வரிசை கட்டின. ரஷ்யப் புல்வெளிகளிலிருந்து மாடு மேய்த்துக்கொண்டு வந்தவர்கள் என்றார்கள் சிலர். மத்திய ஆசியாவின் பாலைவனச் சோலைகளிலிருந்து வந்த உழவர்கள் என்றார்கள் வேறு சிலர். இதே பகுதியில் கி.பி. முதல் ஆயிரத்தாண்டில் தோக்காரிய மொழி பேசியவர்கள் இருந்தார்கள். அது இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்து மொழி. அவர்களின் முன்னோர் இந்த மம்மிகள்தான் என்று முடிச்சுப் போட்டார்கள். நடுவில் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி இருப்பது யாரையும் பெரிதாக உறுத்தவில்லை.

2021 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் ஒரு மரபணு ஆய்வு வந்தது. சியாவ்ஹேயும் சுற்றுப்புறமும் சேர்த்து, கி.மு. 2100 முதல் 1700 வரை வாழ்ந்த 13 பேரின் மரபணுவைப் படித்திருந்தார்கள். வறட்சியும் குளிரும் டிஎன்ஏவுக்கும் நல்லது என்பதால் இது முடிந்தது. முடிவு யாரும் எதிர்பார்க்காதது. அவர்கள் எங்கிருந்தும் சமீபத்தில் வந்தவர்கள் இல்லை. பனியுகக் காலத்தில் வட ஆசியா முழுக்கப் பரவியிருந்து, பிற்பாடு மற்றக் கூட்டங்களோடு கலந்து கரைந்துபோன ஒரு பழைய மக்களின் வழித்தோன்றல்கள். அந்த வாணலிக்குள் தனித்தே தங்கிவிட்டவர்கள். புல்வெளி மேய்ப்பர்களின் இரத்தம் அவர்களிடம் இல்லை.

ஆனால் பொருள்களைப் பாருங்கள். கோதுமையும் மாடும் மேற்கிலிருந்து வந்தவை, பனிவரகு கிழக்கே சீனச் சமவெளியிலிருந்து வந்தது. இரத்தத்தில் ஒதுங்கி இருந்தவர்கள், சாப்பாட்டில் ஒதுங்கி இருக்கவில்லை. பெண் கொடுக்கவும் எடுக்கவும் இல்லை, விதையும் உறையும் மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்த முடிவு அந்த ஆதிகால உடல்களுக்கு மட்டும்தான். ‘தாரிம் மம்மிகள்’ என்ற பெயரில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பரந்த காலத்து உடல்களை ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். செர்ச்சென் பக்கத்தில் கிடைத்த, கி.மு. 1000 வாக்கிலான, சிவப்புக் கம்பளிச் சட்டை போட்ட ஆணும், அங்கேயே கண்களின் மேல் நீலக்கல் வைத்துப் புதைத்த குழந்தையும் இந்தப் பெயரில்தான் வருகிறார்கள். சியாவ்ஹே மக்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் பல நூறு ஆண்டுகள். படத்தில் ஒன்றாகப் பார்ப்பதால் ஒரே குடும்பம் என்று நினைத்துவிடக் கூடாது.

இவர்களில் பலர் இன்று சின்ஜியாங்கின் தலைநகர் உரும்ச்சியில், அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கிறார்கள். மணலுக்குள் 4,000 ஆண்டு சும்மா கிடந்த உடலுக்கு வெளியே வந்ததும் ஆயிரம் பத்தியம். பார்க்க வருகிறவர்களின் மூச்சில் இருக்கும் ஈரமே போதும், பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். மழைக்காலத்தில் கருவாட்டுப் பானையைத் திறந்து வைத்தால் என்ன ஆகுமோ அதுதான். ஆகவே பெட்டிக்குள் ஈரப்பதமும் வெப்பமும் ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மணல் காசு வாங்காமல் செய்த வேலையை இப்போது கருவிகள் செய்கின்றன.

சியாவ்ஹேயின் பெட்டிகள் சிலவற்றைத் திறந்தபோது உள்ளே உடலே இல்லை. ஆள் உயரத்துக்கு மரத்தில் செதுக்கிய ஓர் உருவம் கிடந்தது. எங்கேயோ போன இடத்தில் இறந்து, உடல் ஊர் வந்து சேராதவர்களுக்காக இப்படிச் செய்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மற்றவர்களுக்குச் செய்த அதே படகுப் பெட்டி, அதே ஈரத்தோல், தலைமாட்டில் அதே கம்பம். மணலுக்கு வித்தியாசம் தெரியாது. அதையும் பத்திரமாக வைத்திருந்தது.